குட்டநாட்டுச் சுண்டன் வள்ளப் போட்டி: துடுப்பு பிடிப்பவர் யார்?

ஆடி மாதத்தைக் கேரள மக்கள் கர்க்கடகம் என்பர். பஞ்ச மாதம் என்ற பெயரும் அதற்கு உண்டு. தென்மேற்குப் பருவமழை ஓயாது பொழிய, வேலையும் கூலியும் அற்று, அரிசிப் பானை அடி தட்டும் காலம் அது. அந்த மாதத்தை ஒட்டித்தான் ஆலப்புழை மாவட்டத்தின் குட்டநாட்டில் சுண்டன் வள்ளப் போட்டிகள் களைகட்டுகின்றன. ஏறத்தாழ நூறு பேர் ஒரே படகில் அமர்ந்து துடுப்பு வலிக்க, நான்கரை நிமிடத்தில் முடிந்துவிடும் போட்டி இது. அதற்காக ஓர் ஊர் பல வாரங்கள் உழைக்கிறது. பல இலட்சம் ரூபாய் செலவிடுகிறது. கையில் காசில்லாத மாதத்தில் இவ்வளவு பெரிய ஏற்பாடு எவ்வாறு வேரூன்றியது, இன்று அது எந்த அடித்தளத்தில் நிற்கிறது என்பவை விளையாட்டு ஆர்வலர் மட்டுமன்றிப் பொருளாதார நோக்குடையோரும் கேட்க வேண்டிய கேள்விகளாகும்.

நீருக்குக் கீழே நிலம்

குட்டநாட்டின் வயல்களில் பெரும்பகுதி கடல் மட்டத்திற்குக் கீழே, ஏறத்தாழ அரை மீட்டர் முதல் இரண்டு மீட்டர் ஆழம் வரை அமைந்துள்ளது. பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சில் ஆகிய ஆறுகள் கொண்டுவரும் நீர் இத்தாழ்நிலத்தைச் சுற்றிப் பாய்ந்து வேம்பநாட்டுக் காயலில் கலக்கிறது. காயலின் சேற்றையே அள்ளி வரப்பாக உயர்த்தி, உள்ளிருக்கும் நீரை இறைத்து வெளியேற்றி, அந்தத் தரையில் நெல் விளைவிக்கும் முறையை இங்குள்ள உழவர் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொண்டு வருகின்றனர். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 2013-இல் இம்முறையை உலக அளவில் முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபுகளுள் ஒன்றாக அறிவித்தது.

முதன்மைப் பயிர் புஞ்சை எனப்படுகிறது. புஞ்சை என்றதும் தமிழ் வாசகர் நினைப்பது போல இது புன்செய்ப் பயிரன்று. நீரில் மூழ்கிக் கிடந்த வயலில் மழைக்குப் பின் விளையும் நெல்லுக்கே அங்கு அப்பெயர். பருவமழை ஓய்ந்த பின், ஐப்பசி, கார்த்திகையில் நீர் இறைத்து விதைத்தால் மாசி, பங்குனியில் அறுவடையாகும். இடைப்பட்ட மழை மாதங்களில் வயல்களில் பெரும்பாலானவை நீருக்கடியில் கிடக்கும். ஆயிரக்கணக்கான வேளாண் தொழிலாளருக்கு அப்போது செய்ய வேலை இருந்ததில்லை. ஆனால் அவர்கள் அனைவருக்கும் படகு வலிக்கத் தெரியும். அங்காடிக்கும் கோயிலுக்கும் மாதா கோவிலுக்கும் மருத்துவரிடமும் போக அதுவே வழியாயிருந்தது. நீர் நிறைந்த ஆறு, வேலையற்ற கைகள், பிறப்பிலேயே பழகிய துடுப்பு ஆகிய மூன்றும் ஒரே பருவத்தில் ஒன்றுசேர்ந்தன. கர்க்கடகத்துக்கு முந்தைய மிதுன மாதத்து மூல நாளில் சம்பக்குளத்தில் தொடங்கி, ஓண நாட்களில் பாயிப்பாடு, ஆறன்முளை என்று தொடரும் மரபுப் போட்டிகளின் நாட்காட்டியும் புஞ்சைப் பயிரின் நாட்காட்டியும் ஒன்றையொன்று தொடாமல் விலகிச் செல்வதை எளிதில் காணலாம். பொருளியலார் பருவகால வேலையின்மை என்று ஏட்டில் குறிப்பது, இங்கே விளையாட்டாக உருமாறியது.

சம்பக்குளப் போட்டி அம்பலப்புழைக் கிருஷ்ணன் கோயிலோடு தொடர்புடையது. கோயிலில் நிறுவுவதற்காகக் குறிச்சியிலிருந்து கொண்டுவரப்பட்ட திருமேனி ஓர் இரவு சம்பக்குளத்துச் சிரியன் கிறித்தவக் குடும்பம் ஒன்றின் வீட்டில் பாதுகாப்பாக வைக்கப்பட்டதென்றும், மறுநாள் படகுகள் சூழ எடுத்துச் செல்லப்பட்டதென்றும் மரபு கூறுகிறது. அந்த ஊர்வலத்தின் நினைவே மூலப் போட்டி. சமயம் கடந்த பங்கேற்பு இதன் தொடக்கக் கதையிலேயே இடம்பெற்றிருப்பது கருதத்தக்கது.

சொண்டுடைய வள்ளம்

அயல்நாட்டார் இதைப் பாம்புப் படகு என்றனர். பின்புறம் இருபது அடி வரை நிமிர்ந்து நிற்கும் அமரம் படமெடுத்த நாகத்தை நினைவூட்டியது போலும். ஊராருக்கு இது சுண்டன். பறவையின் அலகைக் குறிக்கும் 'சொண்டு' என்ற சொல்லை அறிந்த தமிழருக்கு இப்பெயர் அந்நியமாக ஒலிக்காது. நீரைத் தொட்டும் தொடாமலும் கூர்ந்து நீளும் முன்முனையால் வந்த பெயர் அது. வள்ளத்தின் நீளம் 100 அடியிலிருந்து 138 அடி வரை வேறுபடும். இரண்டு பேர் நெருங்கி அமரக்கூடிய அகலமே இருக்கும். அயினிப்பலா மரத்தின் நீண்ட பலகைகளால் இது கட்டப்படுகிறது.

போர்க்கலமாகவே சுண்டன் பிறந்தது என்பது செவிவழிச் செய்தி. காயங்குளத்து அரசனின் படகுகளிடம் தோற்ற செம்பகச்சேரி மன்னன், விரைந்து சென்று தாக்கவல்ல படகொன்றை வடிக்குமாறு தச்சரைப் பணித்தான் என்றும், கொடுப்புன்னையைச் சேர்ந்த ஆசாரி ஒருவர் அதை நிறைவேற்றினார் என்றும் சொல்வர். கதை எவ்வாறாயினும், தச்சரின் கலை இன்றும் வாழ்கிறது. எடத்துவாவைச் சேர்ந்த கோயில்முக்கு நாராயணன் ஆசாரி கட்டிய வள்ளங்கள் புகழ் பெற்றவை. அவர் வழியினர் இத்தொழிலைத் தொடர்கின்றனர். பல வள்ளங்கள் பழுது பார்க்கப்பட்டும், கைமாறியும், புதிய ஊரில் புதிய பெயர் பெற்றும் நெடுங்காலம் உழைக்கின்றன. போட்டிக்கு முன் அடிப்புறத்தில் மீனெண்ணெய், கொட்டாங்கச்சிக் கரி, முட்டை ஆகியவற்றைக் கலந்து பூசி மெருகேற்றுவது பழைய வழக்கம். பலகை நீரை உறிஞ்சாமலும் நீர் பலகையைப் பற்றாமலும் வள்ளம் வழுக்கிச் செல்ல இது உதவியது. பருவம் முடிந்ததும் வள்ளத்தைக் கரையேற்றிக் கொட்டகையில் காயவைத்துவிடுவர். மறு ஆண்டு அதை மீண்டும் நீரில் இறக்குவது ஒரு சடங்கு. அதற்கு நீரணிதல் என்று பெயர்.

படகில் ஏறுவோரின் வேலைப் பகிர்வு நுட்பமானது. துடுப்பு வலிப்போர் எண்பது முதல் நூறு பேர், இரண்டிரண்டு பேராக முன்னோக்கி அமர்வர். முன்முனையில் அமரும் இருவரின் துடுப்பு 'ஒன்றாம் துடுப்பு' எனப்படும். பின்னாலுள்ள அனைவரும் அந்த வீச்சையே பின்பற்ற வேண்டும். நடுவில் நிலைக்காரர் சிலர் நின்றுகொண்டு, உலக்கை போன்ற தடியால் பலகையை இடித்துத் தாளம் எழுப்புவர். முன்முனையைக் காண இயலாத பின்வரிசைக்காரருக்கு அந்த ஒலியே கண். அமரத்தில் ஐந்தாறு பேர் நீண்ட துடுப்புகளை ஊன்றி நின்று திசையைக் காப்பர். இவ்வளவு நீண்ட கலம் ஒருமுறை விலகிவிட்டால் அதைத் திரும்ப நேர்ப்படுத்துவதற்குள் போட்டி முடிந்துவிடும். ஆகவே அமரக்காரர் பொதுவாக அனுபவம் முதிர்ந்தவராகவே இருப்பர்.

தேர்ந்த அணியினர் நிமிடத்திற்கு எண்பதுக்கு மேற்பட்ட முறை துடுப்பை நீரில் இறக்கி எடுக்கின்றனர். ஒருவர் அரைக் கணம் பிந்தினால் அவரது துடுப்பு அடுத்தவரின் துடுப்பில் மோதும். மோதல் வரிசை முழுவதும் பரவும். நூறு வலிமையானவரைக் கொண்டுவந்து அமர்த்தினால் மட்டும் வள்ளம் விரையாது. ஆற்றில் இராகத்தோடு பாடப்படும் வஞ்சிப்பாட்டு கேட்க இனிமையானது. பதினெட்டாம் நூற்றாண்டில் இராமபுரத்து வாரியர் இயற்றிய குசேலவிருத்தம் அவ்வகையில் பேர்பெற்றது. போட்டியின் கடைசி நூறு மீட்டரில் பாட்டுக்கு இடமில்லை. இடி ஒலியும் கூச்சலும்தான்.

கரைக்கு ஒரு வள்ளம்

இந்த நூறு பேரும் எங்கிருந்து வந்தனர்? ஊரிலிருந்தே வந்தனர் என்பதே நெடுங்காலம் விடையாக இருந்தது. ஆற்றங்கரை ஊர்ப் பிரிவைக் 'கரை' என்பர். கரைக்காரர் பங்கு போட்டுப் பணம் திரட்டி வள்ளம் கட்டினர். பலருக்கும் சிறு பங்கு உண்டு. பணம் இல்லாதவர் உழைப்பாகத் தந்தனர். வள்ளத்துக்கு ஊரின் பெயரே சூட்டப்பட்டது. நடுபாகம், சம்பக்குளம், காரிச்சால், பாயிப்பாடன், வீயபுரம் ஆகிய பெயர்கள் இன்றும் கேரளத்தில் விளையாட்டுச் செய்தி படிப்போர் நாவில் உள்ளவை. இவற்றில் காரிச்சால் 2024 வரை நேரு கோப்பையை 16 முறை வென்றுள்ளது. நீரின் அரசன் என்பது அதற்கு ஊரார் தந்த பட்டம்.

பங்குமுறை என்றதும் நிறுவனப் பங்கு போல இலாபம் தருவது என்று எண்ணிவிடக் கூடாது. சுண்டன் வள்ளம் மீன் பிடிக்காது, நெல் ஏற்றாது, பயணியரைக் கொண்டுசெல்லாது. ஆண்டில் சில நாள் ஓடி, மீதி நாட்களில் கொட்டகையில் கிடக்கும் ஒரு சொத்தில் சிறு உழவரும் கூலித் தொழிலாளரும் முதலிட்டனர் என்றால், அவர்கள் வாங்கியது வேறொன்று. வெற்றி பெற்றால் ஊர்வலத்தில் முன்னே நடக்கும் உரிமை, தோற்றால் அடுத்த ஆண்டுவரை பக்கத்து ஊராரின் ஏளனத்தைப் பொறுக்கும் கடமை ஆகிய இரண்டிலும் பங்கு கிடைத்தது. நிலவுடைமையாளரும் அவர் வயலில் சேறு மிதிப்பவரும் ஒரே தாளத்திற்குத் துடுப்பு வீசினர். இதனால் கரையில் ஏற்றத்தாழ்வு நீங்கிவிட்டதென்று கூறுவது மிகை. படகில் யார் எங்கே அமர்வது என்பதிலும் ஊர் வழக்கங்கள் குறுக்கிட்டன. ஆயினும் ஆண்டுக்கு ஒருமுறை நூறு குடும்பங்கள் ஒரு காரியத்துக்காகக் கணக்கெழுதி, சண்டையிட்டு, சமாதானமாகிப் பழகின. கூட்டுறவுச் சங்கச் சட்டங்கள் வந்த பிறகு பல ஊர்களில் அதிகாரிகள் உருவாக்க முயன்றது இந்தப் பழக்கத்தைத்தான்.

பிரதமர் ஏறிய வள்ளம்

1952 டிசம்பரில் பிரதமர் ஜவகர்லால் நேரு கோட்டயத்திலிருந்து ஆலப்புழைக்கு நீர்வழியாகப் பயணம் செய்தார். அவரை வரவேற்கச் சுண்டன் வள்ளப் போட்டி நடத்தப்பட்டது. நடுபாகம் சுண்டன் வென்றது. உற்சாக மிகுதியில் நேரு பாதுகாப்பு ஏற்பாடுகளைப் பொருட்படுத்தாமல் அந்த வள்ளத்தில் ஏறி ஆலப்புழைப் படகுத்துறை வரை பயணம் செய்தார். டில்லி திரும்பிய பின் வெள்ளியில் செய்த சுண்டன் வள்ள உருவம் ஒன்றைத் தம் கையொப்பத்தோடு பரிசாக அனுப்பினார். பிரதமர் கோப்பை என்று தொடங்கிய அப்போட்டி பின்னர் நேரு கோப்பை ஆயிற்று.

இந்தக் கோப்பை மரபுப் போட்டிகளின் இயல்பை மாற்றியது. சம்பக்குளத்திலும் பாயிப்பாட்டிலும் போட்டி திருவிழாவின் ஓர் அங்கம். புன்னமடைக் காயலில் நடைபெறும் நேரு கோப்பைக்குக் கோயில் இல்லை, விழா இல்லை. ஆகஸ்டு மாதத்து இரண்டாம் சனிக்கிழமை என்ற ஆங்கில நாட்காட்டித் தேதியே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான சங்கம் அதை நடத்துகிறது. பாதை ஏறத்தாழ ஒன்றேகால் கிலோமீட்டர். சுண்டன்களுக்கு அப்பால் சுருளன், வெப்பு, இருட்டுக்குத்தி எனச் சிறிய வள்ளங்களுக்கும், மகளிர் வலிக்கும் தெக்கனோடி வள்ளங்களுக்கும் தனிப் பிரிவுகள் உண்டு. நுழைவுச்சீட்டு, மேடை, விளம்பரம், வானொலி, பின்னர் தொலைக்காட்சி என்று போட்டி வளர்ந்தது.

போட்டி நாளைக் கடந்த ஆண்டுகளில் இயற்கையே பலமுறை தள்ளிவைத்தது. 2018 ஆகஸ்டில் குட்டநாடே வெள்ளத்தில் மூழ்கியபோது போட்டி நவம்பர் 10-க்கு மாறியது. 2019-இலும் மழை வெள்ளத்தால் ஆகஸ்டு 31-இல்தான் நடந்தது. 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளிலும் கொரோனாத் தொற்றினால் நடைபெறவில்லை. 2024-இல் வயநாட்டு நிலச்சரிவை அடுத்துச் செப்டம்பர் 28-க்கு ஒத்திவைக்கப்பட்டது. ஒவ்வோர் ஒத்திவைப்பின் போதும் அணிகள் அதுவரை பயிற்சி முகாமில் செலவிட்ட பணம் திரும்பாது.

கூலிக் கணக்கு

அந்தப் பயிற்சி முகாமின் செலவே இன்றைய சிக்கலின் கரு. போட்டிக்குச் சில வாரங்கள் முன்பே அணியினர் ஓரிடத்தில் தங்குகின்றனர். காலையும் மாலையும் பயிற்சி. பால், முட்டை, இறைச்சி, பழம் என உணவு கனமானது, மதுவுக்குத் தடை. ஒருவருக்கு ஒரு நாள் உணவுக்கு 200 ரூபாய் என்று சிக்கனமாகவே வைத்துக்கொள்வோம். நூறு பேருக்கு இருபது நாளைக்கு 4 இலட்சம் ரூபாய் ஆகிறது. இது சோற்றுக் கணக்கு மட்டுமே.

இனி, அந்த இருபது நாளும் வேறு வேலைக்குப் போயிருந்தால் அவர்கள் என்ன ஈட்டியிருப்பர்? ரிசர்வ் வங்கி வெளியிட்ட மாநிலப் புள்ளிவிவரக் கையேட்டின்படி, 2022-23-இல் கேரள ஊரகத்தில் ஆண் வேளாண் தொழிலாளியின் சராசரி நாட்கூலி ஏறத்தாழ 764 ரூபாய். அகில இந்தியச் சராசரி 346 ரூபாய். அதாவது கேரளத்தின் பாதியைக்கூட எட்டவில்லை. கேரளக் கூலியை அளவுகோலாகக் கொண்டால் நூறு பேர் இருபது நாளில் துறக்கும் வருமானம் 15 இலட்சத்து 28 ஆயிரம் ரூபாய். துடுப்பு வலிப்போர் எல்லாரும் வேளாண் தொழிலாளர் அல்லர் என்பதும், எல்லாருக்கும் நாள்தோறும் வேலை கிடைப்பதில்லை என்பதும் உண்மையே; ஆயினும் செலவின் பரிமாணத்தை இக்கணக்கு புலப்படுத்தும்.

முன்னாளில் இந்த 15 இலட்சத்துக்கு நிகரான தொகை சுழியமாக இருந்தது. கர்க்கடகத்தில் வேலையே இல்லாதபோது துறப்பதற்கு ஏது வருமானம்? சோறு போட்டால் போதும். அதுவும் பஞ்ச மாதத்தில் முகாமில் கிடைக்கும் சோறு பலருக்கு வீட்டுச் சோற்றைவிட மேலானதாகவே இருந்திருக்கும். பின்னர் கேரளத்தில் கூலி உயர்ந்தது; கட்டடத் தொழில் ஆண்டு முழுவதும் ஆள் தேடியது; இளைஞர் படித்தனர்; வளைகுடா நாடுகளுக்குச் சென்றனர். சாலைகளும் பாலங்களும் வந்தபின் துடுப்பு அன்றாடக் கருவியாக இருக்கவில்லை. 2018 வெள்ளத்துக்குப் பின் குட்டநாட்டின் தாழ்ந்த பகுதிகளிலிருந்து குடும்பங்கள் மேட்டு நிலம் தேடி வெளியேறியதும் சேர்ந்துகொண்டது. வளர்ச்சித் திட்டங்கள் எவற்றை எய்த முனைந்தனவோ அவை பெருமளவு எய்தப்பட்டன. அதன் விலையின் ஒரு பகுதியை வள்ளம் செலுத்துகிறது. கூலி உயர்ந்ததற்காக வருந்துவோர் யாரும் இருக்க முடியாது. இலவசமாகக் கிடைத்த உழைப்பின் மேல் எழுந்த ஒரு நிறுவனம், உழைப்பு விலையுடையதாகும்போது எவ்வாறு தன்னை நிறுத்திக்கொள்கிறது என்பதே பார்க்க வேண்டியது.

வள்ளம் ஓர் ஊர், துடுப்பு வேறூர்

விடையின் முதற்பகுதி, படகையும் படகோட்டிகளையும் பிரித்துக்கொண்டது. வள்ளம் கரைக்காரருடையதாக அல்லது தனியாரதாக இருக்கும். அதை வலிப்பவர் ஒரு படகுக் கழகத்தார். ஊரார் பேச்சில் 'போட் கிளப்'. கைநகரி, குமரகம், பள்ளாத்துருத்தி முதலிய ஊர்களின் கழகங்கள் இவ்வாறு புகழ்பெற்றன. ஆண்டுதோறும் எந்தக் கழகம் எந்த வள்ளத்தில் ஏறும் என்ற பேச்சுவார்த்தை போட்டிக்கு முன்பே தனிப் போட்டியாக நடைபெறுகிறது.

இதன் விளைவை ஒரே எடுத்துக்காட்டால் விளக்கலாம். பள்ளாத்துருத்திப் படகுக் கழகம் 2018, 2019, 2022, 2023, 2024 ஆகிய ஆண்டுகளில், நடைபெற்ற ஐந்து நேரு கோப்பைப் போட்டிகளையும் தொடர்ந்து வென்றது. ஐந்து முறையும் வெவ்வேறு வள்ளம்: பாயிப்பாடன், நடுபாகம், காட்டில் தெக்கேதில், வீயபுரம், காரிச்சால். கோப்பையில் ஐந்து ஊர்களின் வள்ளங்கள் பெயர் பெற்றன. துடுப்போ ஒரே கழகத்துடையது. திறமை குவிந்தது என்பதும், கரைக்காரர் தம் வள்ளம் வெல்லும்போது கரையில் நின்று கைதட்டும் நிலைக்கு வந்தனர் என்பதும் ஒரே உண்மையின் இரு பக்கங்கள்.

2024 இறுதிப் போட்டி இந்த மாற்றத்தின் உச்சத்தைக் காட்டியது எனலாம். காரிச்சால் 4 நிமிடம் 29.785 விநாடியில் எல்லையைத் தொட்டது. கைநகரியின் வில்லேஜ் படகுக் கழகம் வலித்த வீயபுரம் 4 நிமிடம் 29.790 விநாடியில். வேறுபாடு ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஐந்து கூறு. கண்ணால் காண இயலாத இந்த இடைவெளி குறித்து முறையீடுகள் எழுந்ததில் வியப்பில்லை. மறு ஆண்டு, 2025 ஆகஸ்டு 30-இல், அதே வில்லேஜ் கழகம் அதே வீயபுரத்தில் ஏறிக் கோப்பையைக் கைப்பற்றியது.

கழகங்களுக்குள்ளும் ஆள் பற்றாக்குறை புகுந்தது. அதை ஈடுசெய்யத் துடுப்பு விளையாட்டில் பயிற்சி பெற்ற பிறமாநில வீரரை ஊதியம் தந்து அழைத்து வந்தனர். மணிப்பூரிலிருந்தும் காஷ்மீரிலிருந்தும் வந்தவர் குட்டநாட்டு வள்ளத்தில் அமர்ந்தனர். உள்ளூர் இளைஞருக்கு இடமில்லாமல் போகும் என்ற குறை எழவே, வெளிமாநிலத்தார் கால் பங்குக்கு மேற்படக் கூடாது என வரம்பு விதிக்கப்பட்டது. தொழில் நகரங்களில் மண்ணின் மைந்தர் பற்றிய வாதம் எழுவதை அறிந்தவருக்கு, அது நான்கரை நிமிடப் போட்டிக்குள்ளும் நுழைந்திருப்பது புன்முறுவல் வரவழைக்கலாம். ஆனால் துடுப்பைப் பிடிக்கும் கை எவருடையது என்பது இங்கே வெறும் உணர்ச்சிக் கேள்வியன்று. ஊர்க்காரர் ஏறாத வள்ளத்துக்கு ஊர்க்காரர் எத்தனை ஆண்டு பங்குப் பணம் தருவர்?

பணம் தரும் புதியவரும் வந்துவிட்டனர். பல வள்ளங்களில் அணித்தலைவர் என்ற பட்டம் துடுப்பு வலிப்பவருக்கன்று, செலவை ஏற்கும் புரவலருக்கே போகிறது. வணிகரும் வெளிநாட்டில் பொருளீட்டியவரும் அந்த இடத்தை விரும்பி ஏற்கின்றனர். நூறு பங்காளிகள் செய்த வேலையை ஒருவர் செய்கிறார். வசூலுக்கு வீடு வீடாக ஏற வேண்டியதில்லை என்பது வசதியே. அவர் விலகிக்கொண்டால் என்ன ஆகும் என்பது வேறு செய்தி.

லீக் முறை வந்தபின்

கேரளச் சுற்றுலாத் துறை 2019-இல் சாம்பியன்ஸ் போட் லீக் என்ற தொடரைத் தொடங்கியது. ஒன்பது அணிகள், பன்னிரண்டு போட்டிகள். ஆகஸ்டு 31-இல் நேரு கோப்பையோடு தொடங்கி நவம்பர் 23-இல் கொல்லத்தின் அஷ்டமுடிக் காயலில் குடியரசுத் தலைவர் கோப்பையோடு முடிவுற்றது. தொடரின் வெற்றியாளருக்கு 25 இலட்சம் ரூபாய் பரிசு. அதைவிட முக்கியமானது, ஒவ்வொரு போட்டியிலும் பங்கேற்கும் அணிகளுக்கெல்லாம் ஊக்கத்தொகை வழங்கப்பட்டதாகும். வென்றால்தான் பணம் என்றிருந்த நிலை மாறி, ஏறினாலே பணம் என்ற நிலை வந்தது. துடுப்பு வலிப்பவருக்கு ஒரு நாள் வருமானத்துக்குப் பதிலாக ஒரு பருவ வருமானம் உறுதியாயிற்று. மேலே கண்ட கூலிக் கணக்குக்கு நேரடியாக விடை சொன்ன முதல் ஏற்பாடு இது என்று கூறலாம்.

குறையும் அதனுள்ளேயே இருந்தது. தொடருக்கு ஒன்பது அணிகளே தேர்வாயின. நேரு கோப்பையில் 2024-இல் ஏறிய சுண்டன்கள் மட்டும் 19. ஒன்பதுக்கு வெளியே நின்றவை, உயர்ந்துவிட்ட ஊதியத்தைப் போட்டியிட்டுத் தர வேண்டியவை. ஆனால் தொடரின் வருமானம் அவற்றுக்கு இல்லை. நல்ல துடுப்புக்காரர் ஒன்பதை நோக்கி நகர்வது இயல்பு. தவிர, தொடரில் அணிகளுக்கு டிராபிக்கல் டைட்டன்ஸ், கோஸ்ட் டாமினேட்டர்ஸ் என்பன போன்ற பெயர்கள் சூட்டப்பட்டன. முதல் தொடரை வென்ற டைட்டன்ஸ், நடுபாகம் சுண்டனில் ஏறிய பள்ளாத்துருத்திக் கழகமே. தொலைக்காட்சிக்கும் விளம்பரதாரருக்கும் புதிய பெயர் வேண்டியிருந்திருக்கலாம். நடுபாகத்தில் பிறந்தவர் எவரும் கரையில் நின்று 'டைட்டன்ஸ்' என்று கூவியிருப்பார் என்று நம்புவது கடினம்.

காலமும் நீண்டது. ஆகஸ்டில் தொடங்கி நவம்பர் வரை ஓடும் தொடர், புஞ்சைக்கு நீர் இறைத்து விதைக்கும் மாதத்தைத் தொட்டுவிடுகிறது. பின்னர் வந்த ஆண்டுகளில் போட்டிகளின் எண்ணிக்கையும் மாதங்களும் மாறினாலும், மழைக்காலப் போட்டி என்ற பழைய வரம்பு உடைந்தது உடைந்ததுதான்.

ஆறன்முளையின் வழி

இதே பம்பை ஆற்றில் சற்று மேலே, ஆறன்முளையில், வேறொரு விடை நெடுநாளாக நடைமுறையில் உள்ளது. அங்குள்ள ஐம்பதுக்கு மேற்பட்ட கரைகளும் தத்தமக்கென வள்ளம் வைத்துள்ளன. அவற்றைப் பள்ளியோடம் என்பர்; பார்த்தசாரதிப் பெருமானுக்குரியவை என்று கருதப்படுவதால் செருப்பணிந்து ஏறுவதில்லை. உத்திரட்டாதி நாளில் அவை அணிவகுக்கும். போட்டியும் உண்டு, ஆனால் முந்துவதைவிட வஞ்சிப்பாட்டோடு ஒழுங்காக வருவதே பெருமை.

அங்கே செலவை ஏற்பது வேண்டுதல். குறை தீர்ந்த அடியார் ஒரு கரையின் பள்ளியோடத்தை அழைத்து, ஏறிவந்த அத்தனை பேருக்கும் கோயில் வளாகத்தில் விருந்தளிப்பார். வள்ளச் சத்யை எனப்படும் இவ்விருந்தில் அறுபதுக்கு மேற்பட்ட பதார்த்தங்கள் பரிமாறப்படும். வேண்டியவற்றைப் பாட்டாகவே கேட்டுப் பெறுவர். ஒரே நாளில் பல விருந்துகள் நடைபெறும் அளவுக்கு முன்பதிவு இருக்கிறது. அதற்கெனச் செலுத்தப்படும் தொகையின் ஒரு பகுதி கரைகளுக்கும் பள்ளியோடங்களின் பராமரிப்புக்கும் சேர்கிறது. துடுப்பு வலிப்பவருக்குக் கூலி இல்லை. சோறு உண்டு, தம் ஊர்ப் பெயர் உண்டு. வேலைக்குப் போகும் இளைஞரும் விடுப்பெடுத்து ஏறுகின்றனர். இருபது நாள் முகாம் அங்கே தேவைப்படுவதில்லை என்பதையும் மறந்துவிடலாகாது. ஆயிரத்தில் ஐந்து கூறு விநாடிக்காகப் போராடும் அணிக்கு ஆறன்முளையின் ஏற்பாடு பொருந்தாது. அதுபோலவே பெண்கள் பள்ளியோடத்தில் ஏற மரபு இடந்தராததால், பங்கேற்பின் பரப்பும் அங்கே ஒரு எல்லையோடு நின்றுவிடுகிறது.

புன்னமடையில் சுண்டன்களின் ஆரவாரத்துக்கு முன் நடைபெறும் சிறு வள்ளப் பிரிவுகளைப் பார்க்கப் பலர் காத்திருப்பதில்லை. சுருளனுக்கும் வெப்புக்கும் நூறு பேர் வேண்டியதில்லை. ஓர் ஊரில் இன்றும் எளிதில் திரட்டக்கூடிய எண்ணிக்கை போதும். முகாம் செலவும் அதற்கேற்பக் குறைவு. தெக்கனோடியில் ஏறும் மகளிரில் பலர் பக்கத்து ஊர்க்காரர்களே. பரிசுத்தொகையிலும் ஊக்கத்தொகையிலும் இவற்றுக்குக் கிடைக்கும் பங்கு சிறியது. அதைச் சற்று உயர்த்தச் சங்கத்துக்குப் பெருஞ்செலவு பிடிக்காது. ஒன்றாம் துடுப்பில் பின்னாளில் அமரப்போகும் சிறுவர் தாளம் பழகுவது பெரும்பாலும் இந்தச் சிறு வள்ளங்களில்தான்.